செல்லாக் காசாகும் நாள்

தமிழில் நாணயம் என்னும் சொல் இரு பொருள் தருவது. கையில் புழங்கும் காசும் நாணயம். மனிதனிடம் எதிர்பார்க்கப்படும் நேர்மையும் நாணயம். சொன்ன சொல் தவறாதவனை நாணயமுள்ளவன் என்கிறோம். எவராலும் மதிக்கப்படாதவனைச் செல்லாக் காசு என்கிறோம். பழந்தமிழகத்தில் காசின் மாற்றையும் எடையையும் நோட்டம் பார்த்தவர்களுக்கு வண்ணக்கர் என்று பெயர். வடம வண்ணக்கன் தாமோதரனார் என்பது போன்ற பெயர்கள் சங்கப் புலவர் வரிசையிலேயே காணப்படுவதால், அத்தொழில் எத்துணைத் தொன்மையானது என்பது விளங்கும்.

செல்லும் காசு எந்த நாளில் செல்லாக் காசு ஆகிறது? எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்குள் நிகழ்தகவு என்னும் கணிதப் பிரிவின் ஓர் ஆழ்ந்த கருத்து அடங்கியுள்ளது. மன்னர்களின் கால வரிசையை அறியும் வழியும் இதே வினாவை ஒட்டியே செல்கிறது. தேயும் காசைக் கணிதக் கண்ணால் நோக்கி, அதைக் கொண்டு வரலாற்றை அளக்க முயன்றவர் புனே நகரில் வாழ்ந்த ஒரு பேராசிரியர். அவர் தாமோதர் தர்மானந்த கோசாம்பி. அந்நகரின் ரஸ்தா பேட்டையிலும் கட்கியிலும், பிற மாநிலங்களின் வேறு பல நகரங்களிலும் வாழும் தமிழர்க்கு அவர் பெயர் ஓரளவு அறிமுகமாகியிருக்கலாம். ஆயினும் அவரை வரலாற்றாசிரியராக அறிந்தவர் பலர். அவர் தராசின் முன் அமர்ந்து செய்த பணியை அறிந்தவர் சிலரே. அப்பணியின் பொருளை விளங்கிக்கொள்ள, முதலில் தேய்மானத்தின் இயல்பை நாம் அறிதல் வேண்டும்.

வெள்ளி ரூபாய் புழங்கிய காலத்தை எண்ணிப் பார்ப்போம். 1906-ஆம் ஆண்டின் இந்திய நாணயச் சட்டத்தின்படி ஒரு ரூபாயின் எடை 180 கிரெயின். அதாவது சரியாக ஒரு தோலா. நம் வீடுகளில் மருந்துச் சரக்கை நிறுக்கும்போது ‘ஒரு ரூபாய் எடை’ என்று சொல்லி வந்த வழக்கம் இதிலிருந்து வந்தது. ஆனால் கை மாறும்தோறும் வெள்ளி தேயும். ஆகவே சட்டம் ஓர் எல்லையை வகுத்தது. உரிய எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் குறைந்த ரூபாய், கொடுத்தால் வாங்கியே தீரவேண்டிய நாணயமாக இராது. 180 கிரெயினில் நூற்றுக்கு இரண்டு என்பது 3.6 கிரெயின். எனவே 176.4 கிரெயின் என்பதே எல்லைக்கோடு. அக்கோட்டுக்கு மேல் நிற்கும்வரை அது ரூபாய்; அதைக் கடந்து கீழே இறங்கிய கணத்தில் அது வெறும் வெள்ளித் துண்டு.

இந்தியாவில் மட்டுமன்று, இங்கிலாந்திலும் இவ்வழக்கு இருந்தது. அந்நாட்டுப் பொன் நாணயமான சவரன் என்பதன் பெயரை இன்றும் நம் நகைக்கடைகளில் கேட்கிறோம். எட்டுக் கிராம் பொன்னைச் சவரன் என்கிறோம். புதிய சவரனின் எடை 123.274 கிரெயின். சட்டம் அனுமதித்த கடைசி எடை 122.5 கிரெயின். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 0.774 கிரெயினே தேய்வதற்கு விட்ட இடம். பொருளியல் அறிஞர் ஸ்டான்லி ஜெவன்ஸ் இளமையில் சிட்னி நகர நாணயச் சாலையில் பொன்னின் மாற்றுப் பார்க்கும் பணியில் இருந்தவர். அவர் 1868-ஆம் ஆண்டில் புழக்கத்திலிருந்த பொன் நாணயங்களை ஆராய்ந்து, ஒரு சவரன் சராசரியாக ஆண்டுக்கு 0.043 கிரெயின் தேய்கிறது என்று கண்டார். 0.774-ஐ 0.043-ஆல் வகுத்தால் 18 வரும். ஆகவே ஒரு சவரனின் சட்டபூர்வமான ஆயுள் ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டு என்பது அவர் முடிவு. அந்நாளில் கைகளில் புழங்கிய சவரன்களில் நூற்றுக்கு 31½ பங்கு எல்லைக்குக் கீழே சென்றுவிட்டவை என்பதையும் அவர் கண்டறிந்தார்.

இங்கே ஒரு நீதிக் கேள்வி எழுகிறது. பதினெட்டு ஆண்டுகளில் எத்தனையோ கைகள் அந்தச் சவரனைத் தேய்த்திருக்கும். கடைக்காரன், வண்டிக்காரன், நிலக்கிழார், கூலியாள் எல்லோரும் அதனால் பயன் பெற்றார்கள். ஆனால் எடை எல்லைக்கோட்டைக் கடந்த பின் அது யாருடைய கையில் நோட்டக்காரரிடம் சிக்குகிறதோ, அவரே இழப்பு முழுவதையும் தாங்க வேண்டும். 1870-ஆம் ஆண்டின் ஆங்கில நாணயச் சட்டம் இதை வெளிப்படையாகவே விதித்தது. எடை குறைந்த பொன் நாணயத்தைக் கண்டால் வெட்டிவிட வேண்டும். கொண்டுவந்தவரே நட்டத்தை ஏற்க வேண்டும் என்பது அதன் விதி. பலர் தின்ற கடனைக் கடைசியில் வந்தவன் அடைப்பது போன்றது இது. இம்முறை நெடுநாள் நிற்கவில்லை. 1891-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக, இயல்பான புழக்கத்தால் தேய்ந்த பொன் நாணயங்களை முழு மதிப்புக்கு மாற்றித் தரும் பொறுப்பை அந்நாட்டு அரசே ஏற்றுக்கொண்டது.

ஜெவன்ஸ் கூறிய பதினெட்டு ஆண்டு ஒரு சராசரி. எல்லாச் சவரனும் பதினெட்டாம் ஆண்டு நிறைவில் ஒருசேர எல்லையைக் கடப்பதில்லை. ஒன்று திருமணச் சீராக வந்து பெட்டிக்குள் உறங்கும். அதற்குத் தேய்மானமே இல்லை. மற்றொன்று சந்தையில் நாளொன்றுக்குப் பத்துக் கை மாறும். அது விரைவில் மெலியும். எந்தக் காசுக்கு எந்த வாழ்வு என்பதை எவரும் முன்னறிந்து கூற இயலாது. இவ்வாறு தற்செயலின் வசப்பட்டு, காலம் செல்லச் செல்ல மாறிவரும் ஓர் அளவைக் கணித அறிஞர்கள் தற்செயல் ஓட்டம் என்பார்கள். அவ்வளவு குறித்த ஓர் எல்லையை முதன்முதலாகக் கடக்கும் நேரத்தை முதற்கடப்புக் காலம் என்பார்கள்.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கிக்கொள்வோம். ஆயிரம் புதிய காசுகள் ஒரே நாளில் வெளியாகின்றன என்று கொள்வோம். ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொரு காசுக்கும் பூவா தலையா போட்டுப் பார்க்கிறோம். தலை விழுந்தால் அக்காசு ஓர் அலகு தேய்ந்தது. பூ விழுந்தால் தேயவில்லை. ஐந்து அலகு தேய்ந்த காசு செல்லாது. அதனை எடுத்துவிட வேண்டும். சராசரியாக ஆண்டுக்கு அரை அலகு தேய்வதால், ஐந்து அலகு தேயப் பத்து ஆண்டு ஆகும். ஆயுளின் சராசரி பத்து ஆண்டே என்பதை நிகழ்தகவுக் கணக்கும் உறுதிப்படுத்துகிறது.

ஆயினும் உள்ளே நடப்பதைப் பாருங்கள். தொடர்ந்து ஐந்து தலை விழும் கெட்ட காலம் முப்பத்திரண்டில் ஒரு காசுக்கு உண்டு. ஆகவே ஏறத்தாழ 31 காசுகள் ஐந்தாம் ஆண்டிலேயே செல்லாதவை ஆகிவிடும். ஒன்பதாம் ஆண்டின் முடிவில் சரிபாதிக் காசுகள் போய்விடும். சராசரி ஆயுளான பத்தாம் ஆண்டு நிறையும்போது ஏறத்தாழ 623 காசுகள் போயிருக்கும். அப்படியிருந்தும் பதினைந்து ஆண்டுக்குப் பின் 59 காசுகள் செல்லுபடியாகவே இருக்கும். இருபது ஆண்டு கடந்தும் ஆறு காசுகள் நிலைத்திருக்கும். பாதிக்கு மேற்பட்டவை சராசரிக்கு முன்பே வீழ்கின்றன. நெடுங்காலம் நிலைக்கும் சில காசுகள் சராசரியை மேலே இழுத்துவைக்கின்றன. சராசரி ஆயுளை நம்பி ஒவ்வொரு காசின் விதியையும் சொல்ல முற்படுபவன் பெரும்பாலும் ஏமாறுவான்.

காசுக்கு ஒரு சிறப்பு உண்டு. அது தேயுமே தவிர வளராது. ஆகவே ஒருமுறை எல்லையைக் கடந்தால் கடந்ததுதான். இன்று தராசில் வைத்துப் பார்த்தாலே அது எல்லையை இதற்குமுன் கடந்ததா என்பது தெரிந்துவிடும். உலகில் எல்லாமே இவ்வாறு ஒரே திசையில் செல்வதில்லை. சூதாடியின் பணப்பை ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். ஆற்று நீர் பெருகும், பின் வடியும். இவற்றில் ‘முதல்’ என்னும் சொல்லுக்குத் தனி வலிமை உண்டு. கைப்பொருள் முழுவதும் தீர்ந்தவன் அக்கணமே ஆட்டத்தை விட்டு எழ வேண்டும். அடுத்த ஆட்டத்தில் வென்றிருப்பான் என்பது அவனுக்கு உதவாது.

புனே மக்கள் இவ்வுண்மையைக் கொடிய முறையில் அறிந்தவர்கள். 1961-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள், கட்டி முடிவதற்கு முன்பே பான்ஷேத் மண்ணணை உடைந்தது. அந்த வெள்ளம் கீழே இருந்த கடக்வாஸ்லா அணையையும் உடைத்துக்கொண்டு முட்டா ஆற்றின் வழியே நகருக்குள் புகுந்தது. ஓர் ஆண்டில் நீர்மட்டம் சராசரியாக எவ்வளவு என்று கரை கேட்பதில்லை. தாங்கும் எல்லையை முதன்முறை கடந்தது எப்போது என்பதே அதற்கு முடிவு. பின்னர் நீர் வடிந்தாலும் உடைந்த அணை தானே எழுந்து நிற்பதில்லை.

இவ்வினாவின் கணித வரலாறு சூதாட்டத்திலிருந்தே தொடங்குகிறது. பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல், பெர்மா, ஹைகென்ஸ் ஆகியோர், இருவர் ஆடும் ஆட்டத்தில் யார் முதலில் கைப்பொருளை இழப்பார் என்பதைக் கணக்கிட்டனர். பகடையில் நாடிழந்த நளனையும் பாண்டவரையும் கதையில் கேட்டு வளர்ந்த நமக்கும், சூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரின் நாட்டினருக்கும் இது புதிதன்று. பின்னர் வந்த அறிஞர்கள் மேலும் ஒரு வியப்பைக் கண்டார்கள். இருவருக்கும் சமவாய்ப்புள்ள நேர்மையான ஆட்டத்தை, தீராச் செல்வமுடைய ஒருவனோடு ஆடும் சூதாடி என்றேனும் ஒருநாள் ஓட்டாண்டி ஆவது உறுதி. ஆனால் அதற்கு ஆகும் காலத்தின் சராசரியைக் கணக்கிட்டால் அதற்கு முடிவே இல்லை, எண்ணிலியாக விரிகிறது. வீழ்ச்சி உறுதி, வீழும் நாளோ சராசரிக்கு அடங்காதது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது சூதாட்டக் களத்தை விட்டு இயற்கை நூலுக்குள் நுழைந்தது. 1900-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் லூயி பஷெலியே பங்குச் சந்தை விலைகளின் ஏற்ற இறக்கத்தைத் தற்செயல் ஓட்டமாகக் கொண்டு ஆராய்ந்தார். 1905-இல் கார்ல் பியர்சன் என்னும் புள்ளியியல் பேரறிஞர், திக்குத் தெரியாமல் அடியெடுத்து வைப்பவன் எவ்வளவு தூரம் செல்வான் என்று வினவினார். அவ்வினாவுக்குப் பின்னணியில் நம் நாட்டுத் தொடர்பு ஒன்று உண்டு. அல்மோராவில் பிறந்து, 1897-இல் செகந்தராபாத்தில் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்ட ரொனால்டு ராஸ், ஓரிடத்தில் பிறந்த கொசுக்கள் எவ்வளவு தூரம் பரவும் என்பதை அறிய விரும்பிப் பியர்சனின் துணையை நாடியிருந்தார்.

பின்னர் 1915-ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டின் ஷ்ரோடிங்கரும் போலந்தின் ஸ்மொலுகோவ்ஸ்கியும் தனித்தனியே ஒரே விடையைக் கண்டார்கள். அந்நாளில் மின்னூட்டம் பெற்ற நுண்ணிய துளிகள் காற்றில் விழும் வேகத்தை அளப்பது வழக்கம். ஒரு கோட்டிலிருந்து மற்றொரு கோட்டை அடையத் துளிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தால் கணிப்பார்கள். ஒரே துளி மீண்டும் மீண்டும் விழுந்தாலும் நேரம் ஒன்றுபோல் அமைவதில்லை. காற்றின் மூலக்கூறுகள் தற்செயலாக மோதி அதனைத் தடுமாறச் செய்வதே காரணம். ஒரு திசையில் நகர்ந்துகொண்டே தடுமாறும் பொருள் ஓர் எல்லையை முதன்முறை அடையும் நேரம் எவ்வாறு பரந்து அமையும் என்பதை அவ்விருவரும் சூத்திரமாக வகுத்தனர். அதன்படி சராசரி நேரம், கடக்க வேண்டிய தூரத்தைச் சராசரி வேகத்தால் வகுத்தால் வருவதே. தடுமாற்றம் மிகுந்தாலும் குறைந்தாலும் அச்சராசரி மாறுவதில்லை. ஆனால் தடுமாற்றம் மிக மிக, நேரங்கள் அச்சராசரியைச் சுற்றி மேன்மேலும் சிதறும். ஜெவன்ஸ் 0.774-ஐ 0.043-ஆல் வகுத்துச் சராசரி ஆயுளைக் கண்டது ஏன் பிழையாகவில்லை என்பதும், அச்சராசரி ஏன் தனிக் காசின் விதியைச் சொல்லவில்லை என்பதும் இதனால் விளங்கும்.

இவை அனைத்தும் ஐரோப்பாவில் நடந்துகொண்டிருக்க, நம் நாட்டில் கணிதத்துக்கு வீடு கட்டியவர்களையும் நினைவுகூர வேண்டும். 1907-ஆம் ஆண்டில் இராமசாமி ஐயர் என்னும் தமிழரின் முயற்சியால் இந்தியக் கணிதச் சங்கம் தோன்றியது. பின்னாளில் இராமாநுசனின் கணக்கேட்டைக் கண்டு வியந்த துணைக் கலெக்டர் அவரே. இராமாநுசனின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை 1911-இல் வெளிவந்தது இச்சங்கத்தின் இதழில்தான். அச்சங்கத்தின் நூலகம் தொடக்கத்தில் அமைந்த இடம் புனேயின் பெர்கூசன் கல்லூரி. தமிழர் ஒருவரின் முயற்சியால் முளைத்த சங்கத்தின் ஏடுகள் மராத்திய நாட்டில் காக்கப்பட்டன என்பது, வெளி மாநிலங்களில் வாழும் தமிழர் மகிழ்ந்து நினைக்கத்தக்க செய்தி.

அதே பெர்கூசன் கல்லூரியில் 1933-ஆம் ஆண்டு கணித ஆசிரியராகச் சேர்ந்தவர் கோசாம்பி. 1907-இல் கோவாவில் பிறந்தவர்; பாலி மொழிப் பேரறிஞர் தர்மானந்த கோசாம்பியின் மைந்தர்; அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1929-இல் பட்டம் பெற்றவர். புள்ளியியலைப் பயன்படுத்தத் தக்க ஒரு நடைமுறைச் சிக்கலைத் தேடியபோது, அவர் கண்ணில் பட்டவை பழைய வெள்ளி முத்திரைக் காசுகள்.

இக்காசுகள் நம் நாட்டின் மிகத் தொன்மையான நாணயங்களுள் அடங்குவன. அவற்றில் அரசன் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. முகப்பில் சூரியன், சக்கரம், மலை, விலங்கு போன்ற முத்திரைகள் குத்தப்பட்டிருக்கும்; பின்புறத்திலோ சிறு குறிகள் சில இருக்கும். கார்ஷாபணம் என்னும் காசுக்கு முப்பத்திரண்டு குன்றிமணி எடை, அதாவது 3.4 கிராம் அளவு. நம் பொற்கொல்லர்கள் பட்டறையில் வைத்திருந்த அதே குன்றிமணிதான் மகத நாட்டு அக்கசாலையிலும் எடைக்கு அடிப்படையாக இருந்தது. எழுத்தே இல்லாத இக்காசுகளை வைத்துக் கால வரிசை காண்பது எப்படி? முத்திரைகளுக்கு மனம் போனவாறு பொருள் கூறியவர் பலர். கோசாம்பி தராசை எடுத்தார்.

அவருக்குக் கிடைத்த சிறந்த சான்று தட்சசீலப் புதையல். இன்று பாகிஸ்தானில் உள்ள அந்நகரின் பீர் மேட்டில், சர் ஜான் மார்ஷல் நடத்திய அகழ்வில் 1924-ஆம் ஆண்டு ஒரு பானைக் காசு கிடைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முத்திரைக் காசுகளோடு அலெக்சாந்தரின் காசுகள் இரண்டும், அவருக்குப்பின் பட்டமேறிய பிலிப்பின் காசு ஒன்றும் அதில் இருந்தன. இம்மூன்றும் அக்கசாலையிலிருந்து அப்போதே வந்தவை போலத் தேயாமல் இருந்தன. பிலிப்பு கி.மு. 323 முதல் 317 வரை ஆண்டவர். ஆகவே புதையல் மண்ணுக்குள் சென்ற காலம் ஏறத்தாழ உறுதியாயிற்று. மண்ணுக்குள் சென்ற நாளோடு கைபடுவது நின்றது. புழக்கத் தேய்மானமும் அன்றே நின்றது. இருபத்து மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் நிறுத்திவைக்கப்பட்ட கடிகாரத்தைப் போல அப்பானை கிடைத்தது.

கோசாம்பியின் வாதம் இதுதான். ஒரு காசின் எடையை மட்டும் வைத்து எதையும் சொல்லலாகாது. ஒரே நாளில் அடிக்கப்பட்ட இரு காசுகளில் ஒன்று மிகத் தேய்ந்தும் மற்றொன்று தேயாமலும் இருக்கக்கூடும். ஆனால் ஒரே வகைக் காசுகளை ஒரு கூட்டமாகத் திரட்டி நிறுத்தால் தற்செயலுக்குள்ளும் ஒழுங்கு புலப்படும். புழங்கிய காலம் கூடக்கூடக் கூட்டத்தின் சராசரி எடை அதற்கேற்பக் குறையும். எடைகளின் சிதறலும் அதற்கேற்பக் கூடும். பழைய காசுகள் மெலிந்திருக்கும். அதோடு தம்முள் பெரிதும் வேறுபட்டும் இருக்கும். இதனை ஊகமாக விட்டுவிடாமல், தம் காலத்தில் புழங்கிய காசுகளையும் அவர் ஒவ்வொன்றாக நிறுத்துச் சோதித்தார். ஆண்டு பொறித்த காசுகளாதலால், அவற்றின் வயதும் எடையும் ஒருங்கே கிடைத்தன. புழக்கம் நாணய எடையை எவ்வாறு பாதிக்கிறது என்பது பற்றிய அவர் கட்டுரை 1942-இல் வெளியாயிற்று.

அவர் அப்பணியைச் செய்த காலமும் பொருத்தமாக அமைந்தது. உலகப் போரின் நெருக்கடியில், 1940-இல் புதிய ரூபாயின் வெள்ளிப் பங்கு பாதியாகக் குறைக்கப்பட்டது. அதனை அடுத்த ஆண்டுகளில் பழைய வெள்ளி ரூபாய்கள் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டன. காலங்காலமாகக் கை மாறி வந்த காசுகளின் ஓட்டம் நம் கண்முன்னே முடிவுக்கு வந்த வேளை அது.

தட்சசீலக் காசுகளை இம்முறையில் ஆராய்ந்தபோது, பின்புறக் குறிகள் மிகமிகக் காசின் சராசரி எடை குறைந்து வருவது தெரிந்தது. அக்குறிகள், புழக்கத்தின்போது அவ்வப்போது காசைச் சோதித்தவர்கள் இட்ட அடையாளங்கள் என்று கோசாம்பி கொண்டார். நம் வண்ணக்கரைப் போன்றவர்கள் அங்கும் இருந்திருக்கிறார்கள்! அவர்கள் இட்ட குறிகளின் எண்ணிக்கையும் வெள்ளியின் தேய்மானமும் ஒன்றுக்கொன்று சாட்சி கூறின. முகப்பு முத்திரைகளைக் கொண்டு காசுகளை வகைப்படுத்தி, எந்த வகை முந்தியது, எந்த வகை பிந்தியது என்று வரிசைப்படுத்த அவருக்கு வழி பிறந்தது.

தமிழகமும் அவர் தராசுக்குத் தப்பவில்லை. போடிநாயக்கனூரில் கிடைத்த முத்திரைக் காசுப் புதையலையும் அவர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அக்காசுகளின் பின்புறத்தில் மீனைப் போன்ற வடிவம் இருப்பதால், அவற்றைப் பாண்டியரோடு தொடர்புபடுத்துவது அறிஞர் வழக்கம். வடக்கே தட்சசீலத்துக் காசும் தெற்கே போடிநாயக்கனூர்க் காசும் புனே நகர ஆராய்ச்சியாளர் ஒருவரின் கணக்கேட்டில் ஒன்றாக இடம்பெற்றன.

இங்கேதான் முதற்கடப்புக் காலம் பற்றிய கருத்து வரலாற்றாசிரியனுக்கு ஓர் எச்சரிக்கையாக வந்து நிற்கிறது. முன்னே கண்ட ஆயிரம் காசுகளின் கணக்குக்கு மீண்டும் செல்வோம். பத்தாண்டு கழிந்தபின் ஒருவன் சந்தைக்குச் சென்று, புழங்கும் காசுகளைத் திரட்டி நிறுக்கிறான் என்போம். எல்லையைக் கடந்த 623 காசுகள் அவன் கைக்கு வாரா. அவை முன்பே உருக்கப்பட்டுவிட்டன. மீந்த 377 காசுகளே கிடைக்கும். அவற்றின் சராசரித் தேய்மானத்தைக் கணக்கிட்டால் ஐந்து அலகு வராது, ஏறத்தாழ 3.4 அலகே வரும். ஆண்டுக்கு அரை அலகு தேயும் என்பதை அறிந்த அவன், இக்காசுகள் வெளிவந்து ஏழாண்டுகூட ஆகவில்லை என்று முடிவு கட்டுவான். பத்தாண்டுக் காசு ஏழாண்டுக் காசாகத் தோன்றும். அவன் நிறுத்ததில் பிழையில்லை. கூட்டியதிலும் வகுத்ததிலும் பிழையில்லை. கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தவற்றை அவன் எண்ணாததே பிழை.

மறுதலையான இடரும் உண்டு. எடை குறையாத நல்ல காசுகளை மக்கள் தேர்ந்து பதுக்கினாலும் உருக்கினாலும், சந்தையில் எஞ்சியவை உண்மைக்கு மேல் பழையனவாகத் தோன்றும். ஆகவே ஒரு புதையலைக் காண்பவன் மூன்று கேள்விகளைக் கேட்டே தீர வேண்டும். இக்காசுகள் எவ்வாறு தேய்ந்தன? எந்த எல்லையில் எவை விலக்கப்பட்டன? எந்த நாளில் இவை மண்ணுக்குள் சென்று ஓட்டத்தை நிறுத்தின? இம்மூன்றையும் கேளாமல் எடையை மட்டும் படிப்பது, போரில் மீண்டு வந்தவர்களை மட்டும் விசாரித்துப் போரின் கொடுமையை அளப்பதைப் போன்றது. வரலாறு நமக்கு விட்டுச்செல்லும் சான்றுகள் எல்லாம் எல்லையைக் கடக்காமல் தப்பியவை. செல்லரித்த ஏடுகளும், இடிந்த கோயில்களும், உருக்கப்பட்ட காசுகளும் சாட்சி சொல்ல வருவதில்லை.

கோசாம்பி இத்துறையில் காசோடு நின்றுவிடவில்லை. 1943-ஆம் ஆண்டில் இந்தியக் கணிதச் சங்க இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தற்செயல் ஓட்டம் ஒன்றை, ஒன்றோடொன்று தொடர்பற்ற எளிய கூறுகளாகப் பிரித்துக் காட்டும் வழியை அதில் வகுத்தார். பின்லாந்தின் கர்ஹுனன், பிரான்சின் லொயேவ் ஆகியோரும் தனித்தனியே இதனைக் கண்டனர். இன்று இத்தேற்றம் மூவர் பெயராலும் வழங்குகிறது. அதே 1943-இல், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகர், இயற்பியலிலும் வானியலிலும் தற்செயல் ஓட்டங்கள் பற்றி நெடிய ஆய்வுரை ஒன்றை வெளியிட்டார். விண்மீன் கூட்டத்தில் உள்ள ஒரு விண்மீன் பிறவற்றின் ஈர்ப்பால் அலைக்கழிந்து, கூட்டத்தை விட்டுத் தப்பும் வேகத்தை எட்டுவதும் ஓர் எல்லைக் கடப்பே என்பதால், அவ்வாறு விண்மீன்கள் தப்பிச் செல்லும் விகிதத்தையும் அவர் அவ்வாண்டிலேயே ஆராய்ந்தார். இன்று புனேயில் உள்ள வானியல், வான்இயற்பியல் பல்கலைக்கழக மையத்தின் அரங்கம் சந்திரசேகர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தேயும் காசும் தப்பும் விண்மீனும் ஒரே கணிதத்துக்கு உட்பட்டவை.

1945 முதல் 1962 வரை கோசாம்பி பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். வீட்டைப் புனேயிலேயே வைத்துக்கொண்டு, தக்காண ராணி வண்டியில் பம்பாய்க்குச் சென்று வந்தார். 1956-இல் வெளியான இந்திய வரலாற்று ஆய்வுக்கு ஓர் அறிமுகம் என்னும் அவர் நூல், மன்னர் பட்டியலை விட்டு மக்கள் வாழ்வை வரலாற்றின் நடுவே நிறுத்தியது. காசுகளைப் பற்றிய அவர் கட்டுரை ஒன்று 1966-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க அறிவியல் இதழ் ஒன்றில் வெளிவந்தது. அவ்வாண்டு ஜூன் 29-ஆம் நாள் அவர் புனேயில் காலமானார்.

வெள்ளி ரூபாய் இன்று நம் கையில் இல்லை. 1906-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் வந்துவிட்டது. நம் பையில் உள்ள காசின் மதிப்பு அதன் உலோகத்தில் இல்லை. அரசின் சொல்லில் இருக்கிறது. ஆயினும் புதிய சட்டமும் எடை குறைந்த காசு செல்லாது என்னும் விதியை விட்டுவிடவில்லை.

எல்லையைக் கடக்கும் நாள் இன்னும் பல துறைகளில் நம்மை எதிர்நோக்கி நிற்கிறது. பாலத்தின் இரும்பு நைந்து தாங்கும் வலிமைக்குக் கீழே இறங்கும் நாள், ஏரியின் நீர் கரையைத் தொடும் நாள், உழவனின் கடன் அவன் நிலத்தின் விலையைத் தாண்டும் நாள் ஆகியவை எல்லாம் முதற்கடப்புகளே. அவற்றைச் சராசரியால் மட்டும் அளப்பவர்கள், பாதிக்கு மேற்பட்டவை சராசரிக்கு முன்பே வீழக்கூடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். பலரும் சேர்ந்து தேய்த்ததன் சுமை, எல்லையைக் கடக்கும்போது கையில் வைத்திருந்த ஒருவர் மேல் விழுகிறது. அதனை எல்லோரும் பகிர்ந்துகொள்ள வழிசெய்வது சட்டத்தின் கடமை என்பதை 1891-ஆம் ஆண்டு காட்டியது. மறைந்துபோனவற்றையும் எண்ணிப் பார்ப்பது அறிவின் கடமை என்பதைத் தட்சசீலப் பானை காட்டியது. நாணயம் என்னும் சொல்லின் இரு பொருளும் அங்கே ஒன்றாகின்றன.